சூனியவாதி என்றால் நம் ஊரில் என்ன விளங்கும்?

கொக்கட்டிச்சோலைப் பொடியன் (ஞாயிறு, இரவு 9.12)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல்லால் வீட்டில் பெரிய சோலியாகிவிட்டது. அதனால்தான் இந்தத் திரியைத் திறக்கிறேன்.

நேற்று எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு சின்னக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், பிளேன்டீ, அவித்த மரவள்ளிக்கிழங்கு. கதை கோயில் திருவிழாவில் தொடங்கி, அரசியலுக்குப் போய், கடைசியில் கலியாணத்தில் வந்து நின்றது. ஒவ்வொன்றுக்கும் நான் "எனக்கு இதில நம்பிக்கை இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாமியில் நம்பிக்கை இல்லை, கட்சிகளில் இல்லை, சாதகத்தில் இல்லை, படித்தால் முன்னேறலாம் என்பதிலும் இல்லை. பட்டம் முடித்து நான்கு வருடமாக வீட்டில் இருக்கிறேன், கடைசியாகச் சொன்னதை மட்டும் பகிடியாகச் சொல்லவில்லை. அங்கே இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தம்பி, நீ ஒரு சூனியவாதி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று காலை கிணற்றடிக்கு வந்த மாமி அம்மாவிடம் கேட்டிருக்கிறார்: "மச்சாள், உங்கட மகன் சூனியம் படிக்கானாமே, மெய்யா?"

அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் நீளும். மேசையில் கிடந்த என் புத்தகங்களை அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "மனே, ஆருக்கிட்டடா போய்ப் படிச்ச?" என்று அழுதார். இப்போது மாமாங்கம் கோயிலில் ஒரு அர்ச்சனை, பிறகு யாரோ ஓர் ஐயாவைக் கூட்டிவந்து செய்வினை எடுக்கக் கழிப்பு என்று தீர்மானமாகியிருக்கிறது.

கேள்வி இரண்டு. இந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? தேடிப் பார்த்தால் சூனியவாதம், இன்மைவாதம், மறுப்புவாதம் என்று ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்று கிடக்கிறது. மற்றது, நான் அதுதானா?

மீன்பாடி (ஞாயிறு, இரவு 9.20)

மச்சான், கழிப்புக்குத் தேசிக்காய் வேண்டும் என்றால் சொல், எங்கள் வளவில் கொட்டிக் கிடக்குது. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரன் ஏற்கனவே பயப்படுகிறான். இதில் "சூனியவாதிகள் வட்டம்" என்று வேறு பலகை போட்டால் கொழும்பு பஸ் பொலன்னறுவையோடு திரும்பிவிடும்.

கல்லடிப் பாலத்தடி (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, உயர்தரத்துக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும் படிப்பித்தவன் நான். சொல் வந்த வழியைச் சொல்கிறேன்.

இலத்தீனில் நிகில் என்றால் "ஒன்றுமில்லை". அதிலிருந்து வந்தது நிகிலிசம். நீ கண்ட மூன்று தமிழ்ப் பெயரையும் அந்தச் சொல்லுக்குத்தான் எழுதுகிறார்கள். 1799இல் யாக்கோபி என்ற ஜேர்மனியர், ஃபிக்டே என்ற மெய்யியலாளருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இந்தச் சொல்லைப் போட்டார். உங்கள் சிந்தனை வழியே போனால் கடைசியில் எதுவும் மிஞ்சாது என்பது அவருடைய குறை. 1829இல் ரஷ்யாவில் நதேஷ்தின் என்ற விமர்சகர் அதே சொல்லைப் புஷ்கின் போன்ற கவிஞர்கள் மேல் எறிந்தார். ஆக, பிறந்ததிலிருந்தே இது மற்றவனைப் பார்த்துச் சொல்லும் சொல். உன்னையும் உன் வாசிகசாலையில் ஒருவர் பார்த்துச் சொன்னார், நீயாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

முதன்முதலாக அதை விரும்பிச் சூடிக்கொண்ட பெரிய ஆள் ஒரு கதாபாத்திரம். ரஷ்ய எழுத்தாளர் துர்கனேவின் 'தந்தையரும் தனயரும்' நாவல் 1862இல் வந்தது. அதில் பசாரவ் என்று ஒரு மருத்துவ மாணவன். எந்த அதிகாரத்துக்கும் தலை குனியாதவன், எவ்வளவு பேர் மதிக்கிற கொள்கையாக இருந்தாலும் சும்மா நம்பி ஏற்காதவன், அவன்தான் நிகிலிஸ்ட் என்று அவனுடைய நண்பன் விளக்கம் சொல்வான். ஆனால் அந்தப் பசாரவ் நாள் முழுக்க என்ன செய்கிறான்? தவளையை அறுத்துப் பார்க்கிறான். எதையும் நம்பாதவன் ஏன் தவளையை அறுக்க வேண்டும்? அறுத்தால் ஏதோ தெரியும் என்று நம்புகிறான். வகுப்பில் இதைச் சொன்னால் பொடியன்கள் அரை நிமிடம் பேசாமல் இருப்பார்கள், பிறகு ஒருவன் கையை உயர்த்துவான்.

1881இல் ரஷ்யாவின் சார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தரைக் குண்டு எறிந்து கொன்றார்கள். செய்தவர்கள் "மக்கள் விருப்பம்" என்ற இயக்கத்தினர். ஐரோப்பியப் பத்திரிகைகள் அவர்களையும் நிகிலிஸ்ட் என்றே எழுதின. நாட்டை எப்படி மாற்ற வேண்டும் என்று முழுத் திட்டம் வைத்திருந்தவர்களை எதிலும் நம்பிக்கை இல்லாதவர்கள் என்று எழுதினால் அது என்ன நியாயம்?

ஜேர்மன் மெய்யியலாளர் நீட்சேயையும் பலர் இந்தப் பெயரில் அடைத்துவிடுகிறார்கள். அவர் நிகிலிசத்தை ஐரோப்பாவுக்கு வரப்போகிற ஒரு நோய் போலப் பார்த்தவர். அதில் சோர்ந்து கிடக்கிற வகை ஒன்று, உடைத்துத் தள்ளுகிற வகை ஒன்று என்று பிரித்தார். நீ எழுதியதைப் பார்த்தால் நீ முதலாவது வகைக்கு மனுப் போட்டிருக்கிறாய், நியமனம் இன்னும் வரவில்லை.

காரைதீவுக் காற்று (ஞாயிறு, இரவு 10.41)

சேர் வரலாறு சொல்லிவிட்டார். நான் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன், எனக்குத் தமிழ்ச் சொல்தான் தலையிடி. விபுலாநந்தர் பிறந்த ஊர்க்காரன் என்பதால் கலைச்சொல் விடயத்தில் வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூனியவாதம் என்பது ஐரோப்பியச் சொல்லுக்காக உண்டாக்கிய தமிழ் இல்லை, பழைய சொல். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் மற்றச் சமயத்தார் ஒவ்வொருவரையும் எழுப்பி மறுக்கும்போது மாத்தியமிகன் என்று ஒருவன் வருவான். அவன் பௌத்தன், நாகார்ச்சுனர் என்ற பௌத்த மெய்யியலாளர் வழி வந்தவன். சூனியவாதி என்ற பெயர் அவனுக்குரியது. நிகிலிசத்துக்குத் தமிழ் தேடியவர்கள் அந்தப் பழைய சட்டையை எடுத்து ரஷ்யப் பொடியனுக்குப் போட்டுவிட்டார்கள். கையும் நீளம், கழுத்தும் இறுக்கம்.

சனத்துக்கோ சூனியம் என்றால் வேறு. ஒன்று செய்வினை. அடுத்தது பூச்சியம். அப்புறம் யுத்த காலத்தில் செய்தியில் வாசிப்பார்களே, சூனியப் பிரதேசம் என்று, இரண்டு பக்கத்துக் காவலரணுக்கும் நடுவில் ஆளில்லாமல் கிடக்கும் நிலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரனுக்கு அந்தச் சொல் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. இத்தனையும் ஏற்கனவே குடியிருக்கும் வீட்டில் இன்னொரு பொருளைக் கொண்டுபோய் வைத்தால் மாமிக்கு எது முதலில் விளங்கும்? மாமியில் பிழையில்லை.

இன்மைவாதம் கேட்க நல்ல தமிழ். ஆனால் இன்மை என்றால் வறுமையும்தான். வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தைத் தொடங்குவதே அந்தச் சொல்லால். வேலை இல்லாத தம்பிக்கு அது வேறு வகையில் பொருந்தும், கோபிக்க வேண்டாம். மறுப்புவாதம் என்றால், நடந்த படுகொலையை நடக்கவில்லை என்று சாதிக்கிறவனுக்கும், தடுப்பூசியே பொய் என்கிறவனுக்கும் இப்போது அதைத்தான் எழுதுகிறார்கள். நான் நிகிலிசம் என்றே எழுதி, முதல் தடவை வரும் இடத்தில் ஒரு வசனம் விளக்கம் வைப்பேன். தூய தமிழ் அன்பர்கள் திட்டலாம்.

அக்கரைப்பற்றுக் காக்கா (திங்கள், காலை 5.50)

சுபஹுத் தொழுதுவிட்டு வந்து வாசிக்கிறேன். நல்ல கதை போகுது.

அரபியில் இப்போது இதற்கு அதமிய்யா என்கிறார்கள். அதம் என்றால் இல்லாமை. ஆனால் எங்கள் பக்கத்தில் பேச்சுவழக்கில் அதெல்லாம் கிடையாது, ஆள் கொஞ்சம் மாறிக் கதைத்தால் முல்ஹித், அதாவது இறைமறுப்பாளன், என்று ஒரே சொல்தான். கேள்வி கேட்கிறவனும் முல்ஹித், தொழுகைக்கு வராதவனும் முல்ஹித், உண்மையிலேயே மறுக்கிறவனும் முல்ஹித். ஒரே அளவில் எல்லோருக்கும் தொப்பி தைத்தால் சிலருக்குக் கண்ணையும் மூடும்.

எங்கள் விசுவாச வாக்கியமான கலிமாவைப் பாருங்கள் தம்பி. தொடக்கமே "லா", அதாவது இல்லை. லா இலாஹ, வணக்கத்துக்குரியவன் யாருமில்லை. பிறகுதான் இல்லல்லாஹ், அல்லாஹ்வைத் தவிர. முதல் பாதியை நஃபி என்றும் அடுத்த பாதியை இஸ்பாத் என்றும் எங்களுக்கு ஓதித் தந்தார்கள். ஒன்று மறுப்பது, மற்றது நிலைநிறுத்துவது. மறுப்பு கெட்டது என்று நான் நினைக்கவில்லை. பொய்த் தெய்வங்களை மறுக்காமல் உள்ளே வரமுடியாது. வளவைக் கூட்டுவது வீடு கட்டத்தானே. நீங்கள் கூட்டிக்கொண்டே இருக்கிறீர்கள்.

கொக்கட்டிச்சோலைப் பொடியன் (திங்கள், காலை 7.15)

காக்கா, கூட்டக் கூட்டக் குப்பை வருகிறதே, நான் என்ன செய்ய?

காரைதீவு அண்ணன், வறுமைக்கதை நெஞ்சில் குத்தியது. ஆனால் சரி.

அம்பாறை லிகிதர் (திங்கள், காலை 10.30)

தேநீர் இடைவேளையில் எழுதுகிறேன். எங்கள் கந்தோரில் தண்ணீர்க் குழாய்க்கு மேலே "வத்துர நாஸ்தி கரன்ன எப்பா" என்று சிங்களத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது, தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று. சிங்களத்தில் நாஸ்தி என்றால் வீணடிப்பது. சமஸ்கிருதத்தில் ந அஸ்தி, "இல்லை". அதுவேதான் நாஸ்திகன். தமிழிலும் ஒரு காரியம் கெட்டுப்போனால் நாஸ்தியாகிப் போச்சு என்று சிலர் சொல்வார்கள். "இல்லை" என்கிறவனைப் "பாழாக்குகிறவன்" என்று மொழியே முடிவு கட்டிவிட்டது போலத் தெரிகிறது. அவ்வளவுதான், மணியடித்துவிட்டது.

கல்லடிப் பாலத்தடி (திங்கள், மாலை 4.25)

லிகிதர் தம்பி நல்ல இடத்தில் தொட்டார். நாஸ்திகன் என்ற சொல் பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்திலேயே இருக்கிறது. "உண்டு" என்ற எண்ணம் உள்ளவன் ஆஸ்திகன், "இல்லை" என்ற எண்ணம் உள்ளவன் நாஸ்திகன். எது உண்டு, எது இல்லை என்று அந்தச் சூத்திரம் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை ஆளுக்கு ஆள் நிரப்பினார்கள். மனு வந்து வேதத்தை இகழ்கிறவனே நாஸ்திகன் என்றார். அதன்படி பௌத்தரும் சமணரும் நாஸ்திகர். ஆனால் பௌத்தர்களைக் கேட்டால் அவர்களும் வேறு ஒருவரைக் காட்டுவார்கள். தானத்துக்குப் பயனில்லை, வேள்விக்குப் பயனில்லை, மறு உலகம் இல்லை, மண்ணோடு மண்ணாகப் போவதுதான் என்று போதித்த அஜித கேசகம்பலன் என்ற ஆசானைப் பற்றிப் பாளி நூல்களில் வருகிறது. அவருடைய பேச்சு "நத்தி, நத்தி" என்றே போகும், இல்லை இல்லை என்று. நத்திகவாதம் என்ற பெயர் அப்படி வந்தது. நிகிலிசத்துக்கு நம் பக்கத்தில் ஓர் உறவு தேட வேண்டுமானால் நான் மாத்தியமிகனிடம் போகமாட்டேன், இவரிடம்தான் போவேன்.

அதே காலத்தில் சஞ்சயன் என்று இன்னொருவர். மறு உலகம் உண்டா என்றால் உண்டு என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார், இரண்டும் இல்லை என்றும் சொல்லமாட்டார். அந்த வகைப் பேச்சுக்காரருக்குப் பௌத்தர்கள் வைத்த பெயர் விலாங்கு மீன்போல நழுவுகிறவர்கள் என்பது. வாவியில் விலாங்கைக் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் மேலே ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

"இல்லை" என்று அடித்துச் சொல்கிறவனும் "தெரியாது" என்று நழுவுகிறவனும் ஒரே ஆள் இல்லை. முன்னவன் மறுக்கிறான், பின்னவன் ஐயப்படுகிறான். நீ வாசிகசாலையில் எந்த ஆளாக இருந்தாய் என்று யோசி.

உண்மை விளம்பி (திங்கள், இரவு 8.02)

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. வள்ளுவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்." அலகை என்றால் பேய். கடவுள் இல்லை என்கிறவனுக்கு ஒழுக்கமும் இருக்காது. அவனுக்குக் கழிப்புச் செய்வதில் ஒரு பிழையும் இல்லை. நாத்திகன், நிகிலிஸ்ட், பௌத்தன் எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டை.

மீன்பாடி (திங்கள், இரவு 8.06)

850ஆம் குறள். பேய் வந்தாச்சு, இனிக் கூத்துக்கு மத்தளம்தான் குறை.

காரைதீவுக் காற்று (திங்கள், இரவு 8.50)

விளம்பி அண்ணன், அந்தக் குறள் கடவுள் வாழ்த்தில் இல்லை, புல்லறிவாண்மையில் இருக்கிறது. அரைகுறை அறிவோடு பெரிய அறிவாளிபோல நடப்பவனைப் பற்றிய அதிகாரம். அதில் கடவுளையும் மறுபிறப்பையும் இருவினைப் பயனையும் கொண்டுவந்து வைத்தவர் உரையெழுதிய பரிமேலழகர். வள்ளுவர் "உண்டென்பது" என்று மட்டும் விட்டார். சேர் சொன்ன பாணினிக் கதையே இங்கேயும். வெற்றிடத்தை உரைகாரர் நிரப்புகிறார்.

பௌத்தனை ஒரே குட்டையில் போட்டது எனக்குப் பொறுக்கவில்லை. நாகார்ச்சுனருக்கு அவர் காலத்திலேயே இந்தக் குற்றச்சாட்டு வந்தது. எல்லாம் சூனியம் என்றால் தருமமும் இல்லை, புத்தரும் இல்லை, எல்லாவற்றையும் நாசமாக்குகிறீர்கள் என்று எதிராளி கேட்பதாக அவரே எழுதி வைத்துப் பதில் சொல்கிறார். எதுவும் தனியே தன் காலில் நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்துதான் இன்னொன்று வருகிறது, அதைத்தான் சூனியம் என்கிறேன் என்பது அவருடைய பதில். பிறகு ஓர் எச்சரிக்கை. சூனியத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டவன் கதை, பாம்பைத் தப்பாகப் பிடித்தவன் கதை போல, மந்திரத்தைத் தப்பாக ஓதியவன் கதை போல முடியும் என்கிறார்.

மந்திரத்தைத் தப்பாக ஓதியவன்! இத்தனை நூற்றாண்டுக்கு முன் எழுதிய மனிதர் கொக்கட்டிச்சோலைக் கிணற்றடியில் நடக்கப்போவதை எப்படி அறிந்தாரோ.

இதை நான் தமிழ் இலக்கணத்தோடு சேர்த்துத்தான் விளங்கிக்கொள்வேன். நமக்கு இல்லை வேறு, அல்ல வேறு. "வீட்டில் பாம்பு இல்லை" என்றால் பாம்பே கிடையாது. "இது பாம்பு அல்ல" என்றால் ஏதோ கிடக்கிறது, அது பாம்பு என்று நீ நினைத்தது பிழை. நிகிலிஸ்ட் இல்லைக்காரன். நாகார்ச்சுனர் அல்லக்காரர். கல்லைக் காட்டி இது கடவுள் அல்ல என்று பாடிய சித்தர்களும் அல்லக்காரர்கள்தான், அவர்களைப் போய்க் கடவுள் மறுப்பாளர் என்றால் சிரிப்பார்கள். பேச்சில் நாம் இரண்டையும் "இல்ல" என்று ஒன்றாக்கிவிட்டோம், பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

கல்லடிப் பாலத்தடி (திங்கள், இரவு 9.30)

ஒழுக்கம் பற்றி விளம்பி சொன்னதற்கு ஒன்று. கோவூர் என்று ஒருவர் இருந்தார், ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக இருந்தவர், 1978இல் காலமானார். பேய், சூனியம், சாத்திரம் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளின் கீழ் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டினால் ஒரு இலட்சம் ரூபா தருவேன் என்று 1963இல் சவால் விட்டார். ஒருவரும் அந்தக் காசை எடுக்கவில்லை. அவரை நிகிலிஸ்ட் என்று சொன்னால் பொருந்துமா? பரிசோதனையில் அவருக்கு இருந்த நம்பிக்கை கோயில் பூசகருக்குச் சாமியில் இருப்பதற்குக் குறைந்தது இல்லை. நாத்திகன் ஒன்றை மறுக்கிறான். நிகிலிஸ்ட் எல்லாவற்றையும். ஒரு மரம் வெட்டுகிறவனும் காட்டுக்குத் தீ வைக்கிறவனும் ஒன்றாகமாட்டார்கள்.

மட்டுறுத்துநர் (திங்கள், இரவு 10.10)

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஊரையும் சமயத்தையும் இழுக்க வேண்டாம். சொல்லைப் பற்றி மட்டும்.

வெள்ளை உடுப்பு (செவ்வாய், காலை 6.40)

இரவுக் கடமை முடிந்து வந்து எழுதுகிறேன், பிழையிருந்தால் மன்னிக்கவும். எங்கள் மருத்துவத் துறையிலும் இந்தச் சொல் இருக்கிறது. கடுமையான மனச்சோர்வில் சிலர் எனக்குக் குடல் இல்லை, நான் செத்துவிட்டேன், உலகமே இல்லை என்று உறுதியாகச் சொல்வார்கள். 1880இல் பாரிசில் கொத்தார் என்ற வைத்தியர் விவரித்தார், மறுத்தல் பிரமை என்கிற மாதிரித்தான் பிரெஞ்சில் பெயர் வைத்தார். அது தத்துவம் அல்ல, நோய், மருந்துக்குக் குறைகிறது.

அந்த அளவு இல்லாவிட்டாலும், தொடர்ந்து வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, நித்திரை இல்லை, சாப்பாடு வேண்டாம் என்று இருந்தால் அதற்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டாம் தம்பி, கிளினிக்குக்கு வாருங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் கதைப்பார்கள்.

கொக்கட்டிச்சோலைப் பொடியன் (செவ்வாய், காலை 8.05)

அக்கா, நித்திரையும் சாப்பாடும் குறைவில்லை, அம்மாவின் முறைப்பாடே நான் பத்து மணிவரை படுக்கிறேன் என்பதுதான். ஆனால் சொன்னதற்கு நன்றி. இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், நண்பன் ஒருவனுக்குத் தேவைப்படலாம்.

நாவலடிக்காரி (செவ்வாய், இரவு 9.18)

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டு இருந்தேன், எழுத மனம் வரவில்லை. எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும் போலிருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன் அவர் வருடம் தவறாமல் காவடி எடுக்கிறவர். அந்த ஒரு காலையில் சித்தியும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். பாடசாலை முகாமில் இருந்தபோது ஐயர் ஒருவர் திருநீறு கொண்டுவந்து நீட்டினார். சித்தப்பா கையை நீட்டவில்லை. "கடவுளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்கவில்லை. திருவிழாவுக்குக் காசு கேட்டு வந்தால் கொடுப்பார், பற்றுச்சீட்டு வாங்கமாட்டார்.

ஊரில் சிலர் அவரையும் இந்தச் சொல்லால் சொல்லியிருப்பார்கள், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எங்கள் தெருச் சீட்டில் இருக்கிறார். மாதம் ஐந்தாம் திகதி காலை ஆறு மணிக்குக் காசு வந்துவிடும். அவருக்குச் சீட்டுக் காசு கிடைக்க இருந்த மாதம், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒப்பரேஷன் என்று தன் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை. எதிலும் நம்பிக்கை இல்லாதவர் சீட்டுப் போடுவாரா?

தம்பி, நீங்கள் எல்லாவற்றுக்கும் "நம்பிக்கை இல்ல" என்று சொன்னதாக எழுதினீர்கள். சாமியில் நம்பிக்கை என்றால் சாமி இருக்கிறது என்று ஏற்பது. சீட்டுப் பிடிக்கிற ஆளில் நம்பிக்கை என்றால் அவள் ஏமாற்றமாட்டாள் என்பது. படிப்பில் நம்பிக்கை என்றால் நாளைக்கு ஏதோ நல்லது வரும் என்பது. மூன்றுக்கும் நாங்கள் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். சித்தப்பாவுக்கு முதலாவது போய்விட்டது, இரண்டாவது அப்படியே இருக்கிறது. மூன்றாவது இருக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. உங்களுக்கு எது இல்லை என்று பார்த்தீர்களா?

அக்கரைப்பற்றுக் காக்கா (செவ்வாய், இரவு 9.47)

தங்கச்சி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் பக்கத்திலும் அந்தக் காலை வராத வீடு கிடையாது.

ஈமான் வேறு, அமானிதம் வேறு என்று எங்களுக்குச் சொல் இரண்டு இருக்கிறது. ஒன்று உள்ளத்து விசுவாசம். மற்றது உன்னிடம் ஒப்படைத்ததைக் காப்பது. இரண்டும் ஒரே வேரில் இருந்து வந்த சொற்கள்தான். ஆனால் உங்கள் சித்தப்பா அமானிதக்காரர். அதற்கு மேல் நான் தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

காரைதீவுக் காற்று (செவ்வாய், இரவு 10.15)

அக்கா எழுதியதற்குப் பிறகு நான் சூனியம், இன்மை என்று கட்டுரை எழுதியதெல்லாம் வெட்கமாக இருக்கிறது. பிழையை ஒரு பக்கத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். "எல்லா நம்பிக்கைகளையும் மறுப்பவன்" என்று அகராதிபோல நானே பல தடவை மொழிபெயர்த்திருக்கிறேன். "மறுப்பவன்" சரியா என்று மினக்கெட்டேன், "நம்பிக்கை" என்ற சொல்லை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த தடவை "கோட்பாடுகளையும் விழுமியங்களையும் ஏற்க மறுப்பவன்" என்று எழுதுவேன். நம்பிக்கையைச் சீட்டுக்காரருக்கு விட்டுவிடுகிறேன்.

மீன்பாடி (செவ்வாய், இரவு 10.19)

இன்றைக்குப் பகிடி இல்லை.

கொக்கட்டிச்சோலைப் பொடியன் (சனி, மாலை 6.33)

நான்கு நாள் வரவில்லை. நாவலடி அக்கா கேட்டதற்கு உடனே எழுத முடியவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்குச் சாமி பற்றிப் பெரிய கருத்து ஒன்றும் கிடையாது, உண்டு என்றும் சண்டை பிடிக்கமாட்டேன், இல்லை என்றும் பிடிக்கமாட்டேன். அதில் நான் விலாங்கு. கட்சிகளை நம்பாதது அனுபவத்தில் வந்தது, அதை மாற்றும் எண்ணம் இல்லை. படிப்பில்தான் உண்மையாகவே ஏதோ உடைந்துபோய்க் கிடக்கிறது. அந்த ஒன்றை நேராகச் சொல்ல வெட்கப்பட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து வரிசையாக இல்லை என்றேன் போல.

இன்று வாசிகசாலையில் அந்த ஆசிரியரைக் கண்டேன். நிகிலிசம், நாகார்ச்சுனர், 1862 என்று நீங்கள் எல்லோரும் சொன்னதை ஒப்புவித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட தம்பி, நான் அதை நினைச்சுச் சொல்லலியே" என்றார். தருக்க நூலில் விதண்டை என்று ஒன்று உண்டாம். எதிராளி எதைச் சொன்னாலும் மறுக்கிறது, ஆனால் தன் பக்கத்தில் நிறுவுவதற்கு ஒன்றுமே வைக்காமல் இருக்கிறது. "விதண்டாவாதி எண்டு சொல்லத்தான் வாயெடுத்த. வயசு போயிற்று, சூனியவாதி எண்டு வந்திற்று" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா, நான் சூனியவாதி இல்லையாம், விதண்டாவாதியாம், சேர் மாறிச் சொல்லிவிட்டாராம் என்று. அம்மா அரிசி கொழித்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தாமலே, "இதச் சொல்லவா அந்த மனிசனுக்கு ஒரு கிழமை போன? நீ பிறந்த நாளில இருந்து எனக்குத் தெரியும்" என்றார்.

கழிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது. மாமாங்கத்து அர்ச்சனை மட்டும் வெள்ளிக்கிழமை, நானும் போகவேண்டுமாம். மோட்டார் சைக்கிள் ஓட்ட வேறு ஆள் இல்லை.

மீன்பாடி (சனி, மாலை 6.40)

அப்ப எங்கள் வளவுத் தேசிக்காயை என்ன செய்வது?

காரைதீவுக் காற்று (சனி, மாலை 6.58)

ஊறுகாய் போடு. சேர், விதண்டை பற்றி நியாய சூத்திரத்தில் வருகிற இடத்தைத் தனித் திரியில் எழுதுங்கள், இது நீண்டுவிட்டது.